இரண்டுக்கு நேரே ஒரு மேடு

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும். முதுகை ஆய்வகக் கோட்டு மூடிக்கொள்ளும். ஆறு பத்துக்குப் படுக்கையறையில் அவளுடைய போனில் அலாரம் அடித்தது. அதை அவன் நிறுத்துவதில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவான். இரவு அதைச் சார்ஜில் போடுகிறவனும் அவன்தான். ஓய்ந்ததும் டீயோடு இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டினான்.

இரண்டு மாடி இறங்கிய பிறகு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. ஏறினான். பூட்டைத் திறந்தான். அடுப்பை அவன் பற்றவைக்கவே இல்லை. பற்றவைத்துப் பதினான்கு வாரம் ஆகிறது. மறுபடி பூட்டினான். இறங்கினான்.

பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. அவன் நின்றுகொண்டான். அவன் மனைவி உட்கார்ந்து போனவள். ஒரு மதியம் ஆய்வகத்திலிருந்து கிளம்பி, புது மூக்குக்கண்ணாடி வாங்கி வரப் போனாள். வழியில் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. தலை ஜன்னலில் சாய்ந்திருந்ததால் தூங்குகிறாள் என்று நினைத்துக் கடைசி நிறுத்தம் வரை யாரும் எழுப்பவில்லை. முப்பது வயதாக இரண்டு மாதம் இருந்தது.

மூன்றாவது நிறுத்தத்தில் போன் அடித்தது. அவளுடைய அம்மா. பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தைக்குச் சொந்தத் தையல் கடை. மெஷின் ஓடினால்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

"மாப்ளே, சாப்டீங்களா?"

"சாப்டேன் அத்தை."

"என்ன சாப்டீங்க?"

"ரொட்டி."

"அதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா? காய்ச்சக்காரனுக்குக் குடுக்கறது. சரி விடுங்க. இன்னிக்குத்தானே அந்த மேடம் அனுப்பறாங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"அனுப்பினா அவ டாக்டர் ஆயிடுவாளா, இல்ல அதுக்கப்புறமும் ஏதாவது இழுப்பாங்களா?"

"கமிட்டி பாக்கும். அனேகமா குடுத்துடுவாங்க."

"மேடையில நான்தான் போய் வாங்கணும். எனக்கு ஒரு கோட்டு தைக்கறேன். ஊருக்கெல்லாம் தைச்சேன், எனக்கு அளவெடுக்க ஆள் இல்ல. கண்ணாடியப் பாத்து நானே எடுத்துக்கிட்டேன். ஒரு கை நீளமா வந்துடுச்சு." மெஷின் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. "நேத்து துணி வாங்க வந்தவகிட்டகூடச் சொன்னேன். கடைசியா என் பொண்ணு வாயில வந்ததே 'அம்மாகிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழமை வர்றேன்'னுதான். அவ அழுதுட்டா."

"இறங்கணும் அத்தை. அப்புறம் பேசறேன்" என்றான். இறங்க இன்னும் ஐந்து நிறுத்தம் இருந்தது.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா என்று மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவையும் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அது சொந்தபந்தம் முழுக்கச் சுற்றியது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதை அவனிடமே திருப்பிச் சொன்னார்கள். இப்போது நினைத்தால் அந்தப் பொய் அவள் குரலிலேயே கேட்கிறது. நிஜமாக என்ன சொன்னாள் என்று யோசித்தால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆய்வகக் கதவருகே நின்றாள். ஏதோ சொன்னாள். அவன் "ம்" என்றான். லேசர் கற்றையைக் கண்ணாடிகளில் நேர்ப்படுத்திக்கொண்டிருந்தான். அந்த வேலையில் தலையைத் திருப்ப முடியாது.

அவர்கள் வேலை தண்ணீரை உடைப்பது.

ஓர் எஃகு அறை. உள்ளே காற்றே கிடையாது. அதற்குள் ஒரு மெல்லிய குழாய் வழியாக நீராவியைக் கசியவிட்டு லேசர் துடிப்பால் அடிப்பார்கள். ஒரு நொடியைக் கோடி கோடிப் பங்காக்கினால், அதில் மூன்று பங்கிலிருந்து எட்டுப் பங்குவரைதான் ஓர் அடி. அதற்குள் தண்ணீர் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரான்கள் பிடுங்கப்பட்டுவிடும். ஒட்டவைத்திருந்தது போனதும் மிச்சத் துண்டுகள் ஒன்றையொன்று பொறுக்காமல் தெறித்து ஓடும். ஓடித் தூரத்தில் இருக்கும் ஒரு தட்டில் மோதும். லேசானது முதலில் வரும், கனமானது பிறகு. திரையில் ஒவ்வோர் எடைக்கு நேரேயும் ஒரு மேடு எழும்பும். ஒன்றுக்கு நேரே தனி ஹைட்ரஜன். பதினாறுக்கு நேரே ஆக்சிஜன். பதினெட்டுக்கு நேரே உடையாத தண்ணீர்.

இரண்டுக்கு நேரே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இருக்காது என்பது மேடத்தின் கட்சி. மேடம் அவர்கள் இருவருக்கும் வழிகாட்டி. இருக்கும் என்பது அவள் கட்சி. ஆக்சிஜனுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ஹைட்ரஜன்கள், அடி கொஞ்சம் நீண்டால், ஓடுவதற்கு முன்னால் ஒன்றையொன்று நோக்கி வளையும், சேரும், சேர்ந்தே வெளியே வரும். சேர்ந்து வந்தால் எடை இரண்டு.

"வீடு பத்தி எரியும்போது ரெண்டும் ஓடத்தான் பாக்கும். கைகோத்துக்க எங்க நேரம்?" என்று மேடம் சிரித்தார்.

"நேரம் குடுத்துப் பாருங்க மேடம்" என்றாள் அவள். நோட்டில் பென்சிலால் ஒரு சாய்கோடு வரைந்தாள். துடிப்பு நீள நீள மேடு உயர வேண்டும். கோட்டை வரைந்தவள் அதற்கு மேல் ஒரு புள்ளி வைப்பதற்குள் போய்விட்டாள்.

இரண்டு மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. பிறகு அவன் வந்தான். எல்லாவற்றையும் துடைத்து, நேர்ப்படுத்தி, போன வாரம் ஆறு நாளில் ஆறு புள்ளி எடுத்தான். முதல் நாள் மிக நீண்ட துடிப்பு. பிறகு நாளுக்கொன்றாகக் குறைத்தான். இரண்டுக்கு நேரே மேடு இருந்தது. நாளுக்கு நாள் இறங்கியது. ஆறு புள்ளிகளும் அவளுடைய பென்சில் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தன. மேடம் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுடைய ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் முடிந்திருந்தது. இது மூன்றாவது. இது இருந்தால் இறந்தவர் பெயருக்கே பட்டம் தரக் கமிட்டி தயார். இல்லையென்றால் விதியில் இடமில்லை. இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

எல்லாம் சரி. ஆனால் நேற்று மாலையிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் புள்ளி முடிந்ததும் விளக்கை அணைக்க மாட்டாள். திரும்பிப் போய் முதல் புள்ளியை மறுபடி எடுப்பாள். அவன் எத்தனை தடவை பைத்தியம் பிடித்துக் கத்தியிருக்கிறான். "பசிக்குது, வா." "நீ போ. மூலக்கூறு மாறிச்சா, நம்ம மெஷின் மாறிச்சான்னு திரும்பி வந்தாத்தான் தெரியும்." ஆறாம் நாள் அவன் திரும்பவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். வேண்டுமென்றே அல்ல. தோன்றவில்லை.

நாளையிலிருந்து லேசர் வேறு குழுவுக்கு.

ஆய்வகத்தில் பம்புக்காரர் ஏற்கெனவே இருந்தார். வெற்றிடப் பம்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. இருபது வருடமாக ஒன்றுமில்லாததைப் பராமரிக்கிறேன், சம்பளமும் அதே அளவுக்குத்தான் தருகிறார்கள் என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை.

"என்ன தம்பி, இன்னும் விடியவே இல்ல?"

"ஒரு புள்ளிய திரும்ப எடுக்கணும்ணே."

"அதான் மேடம் படத்தைச் சுவத்துல ஒட்டியாச்சே. காலண்டராட்டம் தொங்குது. இனிமே கிழிக்கறதுக்குத்தான் ஆள் வேணும்."

அவன் சிரிக்கவில்லை. துடிப்பை முதல் நாள் இருந்த நீளத்துக்கு வைத்தான். நீராவிக் குழாயைத் திறந்தான். இருபது நிமிடம் சேகரிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். குழாயில் கை கழுவினான். கை சுத்தமாகத்தான் இருந்தது. சுவரில் இருந்த படத்தின் ஒரு மூலை கழன்றிருந்தது, ஒட்டினான். திரும்பி வந்தான். நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது.

இருபதாவது நிமிடம் பார்த்தான். அவள் சொன்னது உண்மையென்றால் இரண்டுக்கு நேரே மேடு இப்போது மிக உயரமாக இருக்க வேண்டும். அது ஆறாம் நாளை விடத் தாழ்வாக இருந்தது.

லேசரின் சக்தியை அளந்தான். குறையவில்லை. அறையின் அழுத்தத்தைப் பார்த்தான். மாறவில்லை. மறுபடி இருபது நிமிடம். இன்னும் ஒரு மயிரிழை தாழ்ந்தது.

"லேசரும் மனுசன் மாதிரிதான். அசந்திருக்கும்" என்றார் பம்புக்காரர்.

"மத்த மேடெல்லாம் அப்படியே நிக்குதேண்ணே. இது மட்டும் எப்படி அசரும்?"

சொல்லி முடிக்கும்போதே இன்னொரு மேடு அவன் கண்ணில் பட்டது. பத்தொன்பதுக்கு நேரே. அதை அவன் தினமும் பார்த்திருந்தான், மேடமும் பார்த்திருந்தார். நீராவியில் மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அப்போது பத்தொன்பதில் ஒரு சிறு மேடு வருவது எந்த ஆய்வகத்திலும் உண்டு. அதனால் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இப்போது ஆறு நாள் பதிவையும் திறந்து, இரண்டையும் பத்தொன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினான். இரண்டு பாதியானபோது பத்தொன்பதும் பாதியாகியிருந்தது. இரண்டும் ஒரே படியில் கைபிடித்து இறங்கியிருந்தன. துடிப்பின் நீளத்துக்கும் இறக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாட்கள் போகப் போக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவன் நாளுக்கு நாள் துடிப்பைக் குறைத்துக்கொண்டே வந்ததால் அது கோட்டின் மேல் உட்கார்ந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், முறை மாற்றி எடுத்திருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

அப்படியானால் குழாயில் வேறு ஏதோ இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.

"அண்ணே, இந்த லைன்ல தண்ணியத் தவிர வேற ஏதாவது போச்சா?"

பம்புக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஸ்டோர்ல ஒரு கனநீர் பாட்டில் திரும்பி வரல. உங்க வீட்டம்மா கையெழுத்துப் போட்டு எடுத்தது. அதுக்கு முந்தின நாள். ஸ்டோர்க்காரங்க என்னைத் தினம் கேக்கறாங்க. நானும் இந்தா அந்தான்னு இழுத்தடிக்கறேன். இதுக்கெல்லாம் உங்களப் போய் எப்படிக் கேக்கறது?"

கனநீரும் பார்வைக்குத் தண்ணீர்தான். அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதைப் போல இரண்டு மடங்கு கனமான இரட்டை உடன்பிறப்பு இருக்கும். தனியாக ஒன்று வந்தாலே எடை இரண்டு. இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்து வந்ததற்கும் கனமானது ஒன்று தனியே வந்ததற்கும் இந்தத் தட்டுக்கு வித்தியாசம் தெரியாது. கனமானது ஒன்றும் சாதாரணமானது ஒன்றும் கலந்த தண்ணீரின் எடை பத்தொன்பது.

அவள் செய்திருக்கக்கூடியதுதான். அவள் சொன்னது சரியென்றால் கனநீரில் ஜோடியாக வருவது நான்குக்கு நேரே விழும். சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை. அதற்கு முதலில் குழாயின் உட்சுவரை ஓர் இரவு கனநீரில் ஊறவைக்க வேண்டும். ஆனால் நோட்டில் அப்படி ஒரு வரி இல்லை. அவளோ தும்மினால்கூட நேரம் போட்டு எழுதுகிறவள்.

"பாட்டில் எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும்? கோட்டுப் பாக்கெட்லதான். அது பாக்கெட்டா? பழைய சாமான் கடை. ஒரு தடவை என் ஸ்பேனரையே அதிலேர்ந்து எடுத்தேன்."

அவளுடைய கோட்டு கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. பதினான்கு வாரமாக யாரும் தொடவில்லை. அவன் தன் கோட்டை அதன் மேல் மாட்டாமல் நாற்காலி முதுகில் போட்டுப் பழகியிருந்தான். இடது பையில் கையை விட்டான். பேனா மூடி. கண்ணாடிக்கடைச் சீட்டு. பாதி மென்று காகிதத்தில் சுற்றிய சூயிங்கம். அதற்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பாட்டில். அடியில் ஒரு சொட்டு உருண்டது.

அப்போது ஞாபகம் வந்தது. தேடி எடுத்தது போல இல்லை. பதினான்கு வாரமாகப் ரேடியோ ஓடிக்கொண்டிருந்த பக்கத்து அறையின் கதவை யாரோ திறந்தது போல இருந்தது. கதவருகே நின்று அவள் சொன்னது இதைத்தான். குழாயில் கனநீர் விட்டிருப்பதைத்தான் சொன்னாள். அவன் கேட்டான். "ம்" என்றும் சொன்னான்.

பம்புக்காரர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்க்காமல் பேசினார்.

"குடுங்க. ஸ்டோர்ல சேத்துடறேன். டிராயர்ல கிடந்துதுன்னு சொல்லிக்கறேன். நீங்க வெளியில போய் ஒரு டீ குடிங்க. நான் எதையும் பாக்கல. எனக்குக் கண்ணும் சரியில்ல, கணக்கும் சரியில்ல."

"அண்ணே..."

"அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு டாக்டர் ஆகப்போகுது. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க. தண்ணி வந்து கேஸ் போடுமா?"

அவன் வெளியே போனான். டீ குடிக்கவில்லை. நடைபாதையின் அந்தக் கோடி வரை நடந்தான், திரும்பினான். மறுபடி நடந்தான். கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் யார் யாரோ எதையெதையோ அளந்துகொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். பட்டம் இருக்கும். அத்தை மேடை ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்ற வாக்கியமும் இருக்கும். பேசினால், குழாயில் கனநீர் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவள் சொன்னாள். எப்போது சொன்னாள்? கிளம்பும்போது. அப்படியென்றால் அத்தையிடம் சொன்னது? ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் கூடவே வரும். ஒன்றை மட்டும் சொல்லி ஒன்றை மறைக்க வழியில்லை.

மூன்றாவது தடவை திரும்பியபோது கால் தானாக உள்ளே போயிற்று. அலமாரியிலிருந்து சூடேற்றும் நாடாவை எடுத்தான். குழாயில் சுற்ற ஆரம்பித்தான். சூடாக்கினால் உட்சுவரில் ஒட்டியிருப்பது கழன்று பம்பு வழியாகப் போய்விடும். அதன் பிறகும் மேடு இருந்தால் அது அவளுடையது. இல்லையென்றால் இல்லை.

ஒரு சுற்று சுற்றினான். நின்றான்.

அவன் திறப்பதற்கு முன் அந்தக் குழாயின் வால்வைக் கடைசியாக மூடியது அவள் கை. உள்ளே இருந்தது அவள் விட்டது. ஆறு நாளாக அவன் அதைத்தான் கசியவிட்டு, அடித்து, எண்ணி, படம் போட்டிருக்கிறான். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

"நாடாவ விட்டு விட்டுச் சுத்தாதீங்க. நெருக்கமா சுத்துங்க" என்று பம்புக்காரர் பின்னாலிருந்து சொன்னார். "தள்ளுங்க, நான் பிடிக்கறேன்."

இருவருமாகச் சுற்றினார்கள். ஐந்து மணி நேரம் சூடு. அதில் அவன் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தான் என்று பம்புக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார், முப்பதோடு விட்டுவிட்டார். பம்பின் ஓசை மட்டும் மாறாமல் இருந்தது. ஆறவிட்டு, சாதாரண நீராவியை விட்டு, மிக நீண்ட துடிப்பால் அடித்தபோது மணி மூன்றரை.

பத்தொன்பதில் கொஞ்சூண்டு. இரண்டில் அடித்தரை. அதில் ஒரு சின்ன முண்டு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வெகு நேரம் பார்த்தால் எதிலும் முண்டு தெரியும்.

நான்கு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனான். மேடம் கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வா. 'காலஞ்சென்ற'ன்னு போடறதா, வேண்டாமா? எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கல."

அவன் இரண்டு தாள்களையும் பாட்டிலையும் மேஜை மேல் வைத்தான். மேடத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் தாளைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். இரண்டாம் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகத் திருப்பினார்.

"பத்தொம்போது" என்றார்.

"ஆமா மேடம்."

"நானும் பாத்தேன். கொத்துன்னு நெனச்சேன். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் போட்டார். "கோட்டு மேல புள்ளி உட்காந்ததும் எனக்கு மூளை வேலை செய்யல. உட்காரணும்னு ஆசைப்பட்டுட்டேன். சரி, நீ ஏன் முதல் புள்ளிக்குத் திரும்பல?"

"தோணல."

"அவ இருந்தா உன்னைக் கிழி கிழின்னு கிழிச்சிருப்பா."

"ஆமா."

"என்னையும்."

"உங்களக் கொஞ்சம் மரியாதையா கிழிச்சிருப்பா மேடம்."

மேடம் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "அவ சொன்னது தப்புன்னும் ஆகல" என்றார்.

"சரின்னும் ஆகல."

"ரெண்டு அத்தியாயத்த வச்சு நான் கேட்டுப் பாக்கறேன். ஆனா தரமாட்டாங்க. விதிப் புத்தகத்தக் கரைச்சுக் குடிச்சவங்க அவங்க." கணினியில் படத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினார். கோடு போயிற்று. கோட்டின் மேல் இருந்த புள்ளிகளும் போயின. "இந்தப் பரிசோதனைய அடுத்த வருஷம் சரியா பண்ணலாம். அவ பண்ண நெனச்ச மாதிரி. நீ பண்றியா?"

"தெரியல மேடம்."

"அவங்க அம்மாவுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

படிக்கட்டில் நின்று போன் போட்டான். ஒரு படி ஏறினான், ஒரு படி இறங்கினான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அனுப்பிட்டாங்களா மாப்ளே?"

"அத்தை, பட்டம் வராது."

மெஷின் ஓடியது.

"ஏன்? அஞ்சு ஆகலியே இன்னும்."

"மூணாவது அத்தியாயம் தப்பு. அவ தப்பு இல்ல. என் தப்பு. அவ குழாய்ல வேற ஒண்ணு விட்டு வச்சிருந்தா. அது தெரியாம நான் அளந்துட்டேன். அவ கண்டுபிடிச்சதுன்னு நாங்க நெனச்சது அது இல்ல."

"யாராவது கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்."

"நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே போய்ச் சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

மெஷின் நின்றது. அத்தை பேசிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்று அவன் கேட்டதில்லை. கடையில் யாரோ விலை கேட்டார்கள். "அப்புறம் வாங்க" என்று அத்தை சொல்வது கேட்டது.

"கை நீளமா வந்துடுச்சேன்னு இப்பத்தான் பிரிச்சுத் தைச்சு முடிச்சேன்" என்றாள். "சரி. அந்தக் கோட்டு எதுக்காவது ஆகும். குழாய்ல என்னமோ விட்டிருந்தான்னு சொல்றீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதி வச்சிருந்தாளா?"

"இல்ல. சொன்னா."

"எப்ப?"

அவன் படியில் உட்கார்ந்தான். அன்று முழுவதும் ஓர் இடத்தில் நிலைத்து உட்கார்ந்தது அப்போதுதான்.

"கிளம்பும்போது. கதவுகிட்ட நின்னு."

"அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

மறுமுனையில் கத்தரிக்கோலை மேஜை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக வைத்தாள்.

"அவ சொல்லவே இல்ல" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை."

"நீயா சொன்னது."

"ஆமா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எனக்கு அப்ப ஒண்ணும் ஞாபகம் வரல."

போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இணைப்பு இருந்தது. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள். "'அம்மாகிட்ட சொல்லு'ன்னு அவ யார்கிட்டயும் சொல்லி அனுப்பற ஆளே இல்ல. எதுன்னாலும் அவளே போன் பண்ணிக் கத்துவா. ஆனா வேற எதுவும் இல்லையேன்னு அதையே பிடிச்சுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப ஞாபகம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

"அப்ப அதச் சொல்லு. அழகா வேணாம். எனக்காகக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு."

அவன் கண்ணை மூடினான். கற்றை கண்ணாடியில் நின்றது. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டும் சத்தம். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேசுகிற குரல்.

சொன்னான்.

"லைன்ல கனநீர் ஊறவச்சிருக்கேன். நோட்டுல இன்னும் எழுதல, கண்ணாடி வாங்கிட்டு வந்து எழுதிக்கறேன். நான் வர்ற வரைக்கும் நீ எதையும் தொட்டுத் தொலைக்காத."